வலிக்காத இடம்

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். இளைத்துவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, சலவைக்கூடத்து ஆவியில் நின்று நின்றுதான் அப்படி ஆகியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தானுக்குச் சர்க்கரைக்கு மாத்திரை போதவில்லை. இனி இன்சுலின் ஊசிதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால். ஊசி என்றாலே அம்மாவின் கடைசி நாட்கள்தான் கண்ணில் நிற்கின்றன. அந்தக் கால். அதை எழுத வேண்டாம், உனக்கும் தெரியும். அம்மாவுக்கு வருஷக்கணக்கில் போட்ட கை என்பதால், சொல்லித்தர வந்த நர்ஸிடம், "எனக்குப் பழக்கம்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பழக்கம் என்றேனே தவிர, முதல் நாள் ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன் அத்தான் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் என் கத்திக்குக் கழுத்தக் குடுக்கறான். நான் உன் ஊசிக்கு வயித்தக் குடுக்க மாட்டேனா? குத்து" என்றார். முடிதிருத்துகிறவருக்கு வாய்க்கா பஞ்சம். ஆனால் ஊசி பட்டதும் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு உயிரே போயிற்று. மறுநாள் வேறு இடம், அதற்கு மறுநாள் வேறு இடம் என்று பார்த்ததில், தொப்புளுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளி ஓர் இடம் அமைந்தது. அங்கே போட்டால் அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஆண்டவன் காட்டிக்கொடுத்த இடம் என்று எடுத்துக்கொண்டு, பிரார்த்தனையைச் சொல்லி அங்கேயே போட்டுவருகிறேன்.

ஒன்று சொல்கிறேன். அம்மாவுக்கு வந்தது, இப்போது இவருக்கு. இன்னும் ஒருவருக்கு இந்த நோய் என்று கேட்டால் நான் தாங்க மாட்டேன். நீயாவது நோய்நொடி இல்லாமல் இருக்கிறாயே, அந்தத் தெம்பில்தான் எழுந்து அடுப்படிக்குப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் வணக்கம். நான் சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் துணிகளும் எங்கள் சலவைக்கூடத்துக்கே வர ஆரம்பித்துவிட்டன. வெள்ளை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடித்து அடுக்கிக்கொண்டே இருக்கிறோம். தாகம் என்றால் அப்படித் தாகம். என் மேசைக்கு அடியில் ஒரு குடமே வைத்திருக்கிறேன். "என்னடி, விரிப்புக்குத் தெளிக்கவா, குடிக்கவா?" என்று மேஸ்திரி அம்மாள் கேட்கிறாள்.

அக்கா, எங்கள் மடிப்பு மேசையில் ஒரு பெண் இருக்கிறாள். என் வயதுதான். அவளுக்கும் சர்க்கரை என்று எடுத்த எடுப்பில் ஊசியே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கூட்டமான நேரத்தில் ஒரு தடவை காட்டிக்கொடுத்து, "போய்ட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்களாம். அவள் பயந்துபோயிருக்கிறாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். எங்கே போட வேண்டும்? ரொம்ப வலிக்குமா? அறையில் ஃபிரிட்ஜ் இல்லை, மருந்தை எப்படி வைப்பது? அப்புறம், ராத்திரி தனியாகத் தூங்கலாமா? தூக்கத்திலேயே ஏதாவது ஆகிவிட்டால் காலையில்தானே தெரியும் என்கிறாள்.

அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 17

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நலம் என்று படித்த பிறகுதான் மற்றதைப் படித்தேன். இங்கேயும் குறை ஒன்றும் இல்லை.

பாவம் அந்தப் பெண். பெயர் தெரியாவிட்டால் என்ன, என் பிரார்த்தனையில் அவளையும் சேர்த்துக்கொண்டேன். அவளிடம் சொல், தினம் ஓர் இடமாக அலைய வேண்டாம். வயிற்றில் வலி தெரியாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அதையே வைத்துக்கொள்ளட்டும். கொஞ்ச நாளில் அந்த இடம் பழகிவிடும், எறும்பு கடித்தமாதிரிகூட இருக்காது. மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சின்னச் சட்டியை வைத்து, மருந்துப் புட்டியை அதற்குள் ஈரம் படாமல் வைக்கட்டும். வெயில் படக்கூடாது. ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், சாப்பாட்டை வைத்துக்கொண்டே ஊசியைப் போடட்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். தலைமாட்டில் அதைத் தயாராக வைத்துக்கொண்டு தூங்கட்டும். பாதத்தைத் தினம் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அம்மாவுக்கு நாம் அதைச் செய்யவில்லை.

அவள் வீட்டில் சொல்லிவிட்டாளா? சொல்லச் சொல். இந்த நோயை மறைக்கிறதுதான் பெரிய ஆபத்து. வீட்டுக்காரர்களுக்கு என்ன, கொஞ்சம் அழுவார்கள், அவ்வளவுதானே.

எனக்கு அந்தக் கஷ்டத்தை ஆண்டவன் வைக்கவில்லை. உன்னை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே. அத்தான் கடைக்குப் போய்வருகிறாரா?

நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அப்படியே செய்கிறாள். அவளுக்கு வலப்பக்கம் ஓர் இடம் அமைந்திருக்கிறது. முதல் வாரம் அழுதுகொண்டே போட்டாள். இப்போது வலிப்பதே இல்லை. உன் கைக்கு நன்றி சொல்லச் சொன்னாள். பானையும் வாங்கிவிட்டாள்.

வீட்டில் சொல்லவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கிறாராம். இன்னொன்று என்றால் தாங்க மாட்டார்கள் என்கிறாள். நானும் சொல்லிப்பார்த்தேன். கேட்கவில்லை.

அம்மாவின் செருப்பு நினைவிருக்கிறதா, அக்கா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒன்றை மட்டும் வாசலில் வைத்திருந்தோமே. அதைக் கனவில் பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

உன் தங்கை


மே 20

அன்புள்ள சின்னவளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வீடு வீடாக இல்லை.

உன் அத்தானுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. டாக்டரம்மா மருந்தின் அளவை ஒரு தடவை கூட்டினார், மறுபடியும் கூட்டினார். அப்படியும் இறங்கவில்லை. ஊசி ஒருநாளும் தவறவில்லை, சோறு அளந்துதான் போடுகிறேன். அப்புறம் எப்படி? வீட்டுக்கு வாங்குகிற சர்க்கரை டப்பாவின் அடியில் கிடக்கிறது, இவர் ரத்தத்தில் கொட்டிக் கிடக்கிறது. கடைக்குப் பக்கத்தில் டீக்கடை இருக்கிறதல்லவா. கேட்டேவிட்டேன்.

"எத்தன டீ குடிக்கிறீங்க? உண்மையச் சொல்லுங்க."

"சக்கர போடாத டீ ஒண்ணு. அத டீன்னு சொன்னா டீக்கடக்காரனே சிரிப்பான்."

"வடிகட்டுன பொய்."

"ஏய், நான் திருடித் தின்னா உன் முகத்தப் பாத்தே ஊசி துரு புடிச்சிடும். போ."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அன்று அவர் சாப்பிடவில்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஊசி போடும்போது மட்டும் சட்டையைத் தூக்கிக் காட்டுவார், நான் போடுவேன், அவர் அசையமாட்டார். எனக்கு ராத்திரியெல்லாம் அவர் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா என்று.

உன் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தாயா? ஒரு தாளில் பத்து வரிதான் பிடிக்கிறது. தாள் விலை தெரியுமா உனக்கு.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானைத் திட்டாதே. அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவளுக்கும் ஏறிக்கொண்டுதான் போகிறது. அவளுக்கும் அளவைக் கூட்டிவிட்டார்கள். அவள் திருடித் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் அவள் செருப்புக்குள் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்திருக்கிறது. துணியிலிருந்து உதிர்ந்ததாக இருக்கும். காலையிலிருந்து அதன்மேலேயே நின்று வேலை செய்திருக்கிறாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது ரத்தம். அவளுக்குத் தெரியவே இல்லை, அக்கா. மருந்து போட்டுக் கட்டியிருக்கிறாள். ஆறிவருகிறது. தினம் கண்ணாடியில் பார்க்கிறாள்.

காலில் வலி தெரியாமல் போவது நல்லதா கெட்டதா என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது?

நான் சௌக்கியம்.

உன் தங்கை


ஜூலை 11

அன்புள்ள சின்னவளுக்கு,

இதை நின்ற இடத்தில் படித்து, உடனே அந்தப் பெண்ணிடம் சொல். நலம் விசாரிக்கிறதெல்லாம் பிறகு.

முந்தாநாள் காலை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். உன் அத்தான் ஊசியைத் தானே போட்டுக்கொண்டிருக்கிறார். வயிற்றில் குத்திக்கொள்ளக் கை வரவில்லை என்று தொடையில் போட்டிருக்கிறார். அளவு அதேதான். வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்.

நாற்காலியில் நம் போஸ்ட்மேன். கழுத்துவரை நுரை. கத்தி தாடைக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டதாம். போஸ்ட்மேன் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். உன் அத்தான் முகமெல்லாம் வியர்வை, பார்வை எங்கேயோ. "அண்ணே, கத்தியக் குடுங்க. ஒண்ணுமில்ல, குடுங்க" என்று மெல்ல விரல்களைப் பிரித்து வாங்கியிருக்கிறார். அதற்குள் இவர் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, நினைவு தப்பவில்லை. டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கவைத்திருக்கிறார். பாதி முகம் மழித்து, பாதி முகம் நுரையோடு போஸ்ட்மேனே ஆட்டோ பிடித்து, நான் இருந்த ஆஸ்பத்திரிக்கே, டாக்டரம்மாவிடம் கொண்டுவந்து சேர்த்தார். "கடுதாசி குடுக்கறவன் கழுத்து, அதான் கடவுள் காப்பாத்தினாரு" என்று என்னிடம் சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நான் போடும் இடத்தில் விரலை வைத்ததும் நிறுத்திவிட்டார். ரப்பர் பந்துபோல ஒரு கட்டி. நானும் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் சதை போட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

"இங்கயேவா போடறீங்க?"

"ஆமாம்மா. அங்கதான் வலிக்கல."

"ஒரே எடத்துல குத்திக் குத்திக் கொழுப்பு கட்டியாயிடுச்சும்மா. அதான் வலி தெரியல. அங்க போடற மருந்து ஒழுங்கா ரத்தத்துல சேராது. சேரலன்னு தெரியாம நான் அளவக் கூட்டிக்கிட்டே போயிருக்கேன். நானும் தொட்டுப் பாத்திருக்கணும். இன்னிக்கு நல்ல எடத்துல அத்தனையும் போட்டதும் மொத்தமா வேல செஞ்சிடுச்சு. யாரு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

முன்பே போட்டுப் பழக்கம் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பெண் ஒரே இடத்தில் போடக்கூடாது. நான் சொன்னது தப்பு. தாள் நிரம்பிவிட்டது, அடுத்ததில் எழுதுகிறேன்.

(இரண்டாம் தாள்)

முக்கியமானது இதுதான். இதைக் கேட்டதும் அவள் பாட்டுக்கு இடத்தை மாற்றிவிடக் கூடாது. அளவைக் கூட்டியிருக்கிறார்கள் என்று எழுதினாயே, அத்தனையையும் புது இடத்தில் போட்டால் உன் அத்தானுக்கு ஆனதுதான் அவளுக்கும் ஆகும். முதலில் டாக்டரிடம் போய்க் கட்டியைக் காட்டட்டும். அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். அதன் பிறகு தினம் ஓர் இடமாக, விரல் விட்டு விரல் தள்ளிப் போட வேண்டும். அவளிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

அக்கா


ஜூலை 19

சின்னவளுக்கு அத்தான் எழுதுவது.

எனக்குக் கத்தி ஓடுகிற அளவுக்குப் பேனா ஓடாது, அதனால் கார்டுதான். நான் நலம். குறைத்த அளவு, தினம் ஓர் இடம். சர்க்கரை இறங்கியிருக்கிறது. போஸ்ட்மேன் மறுபடியும் வந்து மீதிக் கழுத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். தைரியசாலி.

உன் அக்காதான் சரியில்லை. ஊசியை அவள் தொடுவதில்லை. நானே போட்டுக்கொள்கிறேன். அப்போது அவள் அடுத்த அறையில் சுவரைப் பார்த்து நிற்கிறாள். பிரார்த்தனை சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தேன், உதடுகூட அசையவில்லை. தூக்கத்தில் உங்கள் அம்மாவைக் கூப்பிடுகிறாள். நீ ஒரு கடிதம் போடு. உன் கடிதம் வந்தால்தான் அவள் சாப்பிடுவாள்போல் இருக்கிறது.


ஆகஸ்ட் 12

என் கண்ணான சின்னவளுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒரு வரி இல்லை. போஸ்ட்மேன் தெருமுனையில் வரும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார், நான் எழுந்து வாசலுக்கு வரவேண்டாம் என்று. தபால் ஆபீஸிலிருந்து உன் விடுதிக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை.

நேற்று உன் கடிதங்களையெல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். வார்த்தையைப் படிக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தேன். ஜனவரிக்கு முன்னால் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதியவள் நீ. பிப்ரவரியில் கொஞ்சம் பெரிது. ஏப்ரலில் அதைவிட. ஜூனில் குழந்தை எழுதுகிற மாதிரி. அம்மாவும் கடைசியில் கண் மங்கி அப்படித்தான் கையெழுத்துப் போடுவார்.

அப்புறம் அந்தக் குடம். அந்த இளைப்பு.

அடியே, மடிப்பு மேசைப் பெண் நீதானா?

நான் தாங்க மாட்டேன் என்று எழுதிய கடிதத்துக்கு அடுத்த கடிதத்தில்தான் அவள் வந்தாள். இப்போது எழுதுகிறேன், கேட்டுக்கொள். தாங்குவேன். எதுவாக இருந்தாலும் தாங்குவேன். நீ பதில் போடாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. உன் அத்தான் கடையை அடைத்துவிட்டு ரயிலுக்கு விசாரிக்கப் போயிருக்கிறார்.

இரண்டாம் தாளைப் படித்தாயா?

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதச் சொன்னாள் நர்ஸ். எழுத்து கோணாமல் இருக்க அவள்தான் கோடு போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை நிலைக்கு வந்ததும் கண் தெளியும் என்கிறார்கள். ரயில் ஏற வேண்டாம் என்று அத்தானிடம் சொல்.

ஆமாம். நான்தான்.

உன் ஜூலைக் கடிதத்தை அறையில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். டாக்டரம்மா "யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்ட இடம் வந்தது. முன்பே பழக்கம் என்று நீ சொன்னதும் வந்தது. யாருக்கு என்று எனக்குத் தெரியுமே, அக்கா. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஒரே இடம் கூடாது என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். என் வலப்பக்கத்திலும் அதே பந்து. அன்று மாலையே இடப்பக்கம் போட்டுக்கொண்டேன். முழு அளவு. இரண்டாம் தாள் மடிப்புக்குள்ளேயே இருந்தது.

இரவு ஷிஃப்டுக்குப் போகப் படியிறங்கியது நினைவிருக்கிறது. அப்புறம் இல்லை. மேஸ்திரி அம்மாள்தான் பார்த்திருக்கிறாள். யாரோ வாயில் தண்ணீர் ஊற்றப்போனதைத் தட்டிவிட்டு, துணி ஏற்றுகிற வண்டியிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டாள். விழுந்ததில் தோள்பட்டை முறிந்து, வலது கையைக் கட்டிவைத்திருந்தார்கள். போன வாரம்தான் அவிழ்த்தார்கள். வேறு யாரையும் எழுதச் சொல்ல மனம் வரவில்லை. கண் விழித்தபோது எனக்குக் கீழே இருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் சலவைக்கூடத்து முத்திரை இருந்தது. நானே மடித்ததாக இருக்கும். கால் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இரண்டும் இருந்தன. பொத்தான் குத்திய இடம் ஆறிவிட்டது.

மேஸ்திரி அம்மாள் தினம் வருகிறாள். விடுதிக்கு வந்த உங்கள் கடிதங்களையும் அவள்தான் கொண்டுவந்தாள். "சொல்லித் தொலச்சிருந்தா மேசைக்கடியில குடத்துக்குப் பதிலா சக்கரையாவது வெச்சிருப்பேனே" என்று திட்டுகிறாள். வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை.

நீ எழுதாமல் விட்டதை இங்கே டாக்டரிடம் நான் கேட்டேன். அம்மாவின் காலுக்கு அந்த ஊசிதான் காரணமா என்று. "இருக்கலாம். பாதத்துல புண்ணு இருந்து யாரும் பாக்காததும் காரணமா இருக்கலாம். இப்ப யாரால சொல்ல முடியும்?" என்றார். உன்னைச் சமாதானப்படுத்த நான் வேறுமாதிரி எழுதலாம். எழுத மாட்டேன். ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. நீ ஊசி போடும்போதெல்லாம் அம்மா, "உன் கை பட்டாத் தெரியவே மாட்டேங்குதுடி" என்பார். கால் கறுத்த பிறகும், எங்கே வலிக்கிறது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அத்தானும் முதல் நாள் முகத்தைச் சுளித்தாரே தவிர, வலிக்கிறது என்று சொல்லவில்லை. நான் உனக்கு மாதக்கணக்கில் சௌக்கியம் என்று எழுதினேன்.

அடுத்த வாரம் என்னை அனுப்புகிறார்கள். ஒரு மாத விடுப்பு. வருகிறேன். இன்னும் கையைத் திருப்ப முடியவில்லை, எனக்கு நீதான் ஊசி போட வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலையெல்லாம் வேண்டாம். தினம் ஓர் இடம், விரல் விட்டு விரல் தள்ளி. சில இடத்தில் வலிக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

வலித்தால் சொல்லிவிடுவேன்.

உன் சின்னவள்